ஹீம் பி53 புரதத்தைப் பற்றுகிறதா என்பதை ஆய்வகத்தில் நிறுவுவது எப்படி

பி53 என்ற கட்டி அடக்கிப் புரதம் 1979-இல் கண்டறியப்பட்டது. 393 அமினோ அமிலங்களால் ஆன இப்புரதத்துக்குரிய மரபணு மனிதரின் 17-ஆவது குரோமோசோமின் குறுங்கையில் இருக்கிறது. மனிதப் புற்றுக்கட்டிகளில் ஏறத்தாழ பாதியில் இந்த மரபணு சடுதி மாற்றம் அடைந்திருக்கிறது. இரும்பு மிகையாகச் சேரும் உடலில், குறிப்பாகக் கல்லீரலில், புற்றுநோய் ஏன் எளிதில் தோன்றுகிறது என்ற பழைய கேள்விக்கு 2014-இல் ‘செல் ரிப்போர்ட்ஸ்’ ஆய்விதழில் வெளிவந்த ஒரு கட்டுரை புதிய விடை ஒன்றை முன்வைத்தது. இரும்பைத் தாங்கிய ஹீம் மூலக்கூறு பி53-ஐ நேரடியாகப் பற்றுகிறது, டிஎன்ஏ-வுடன் அது இணைவதைக் குலைக்கிறது, உட்கருவிலிருந்து அதை வெளியேற்றிச் சைட்டோபிளாசத்தில் சிதையச் செய்கிறது என்பதே அந்த விடை.

இந்தக் கூற்றையோ இதையொத்த வேறொரு கூற்றையோ தம் ஆய்வகத்தில் சோதிக்க விரும்பும் முதுநிலை மாணவர்களுக்கும் முனைவர் பட்ட ஆய்வாளர்களுக்கும் இவ்வழிகாட்டி எழுதப்படுகிறது. தொடங்குமுன் ஒன்றை மனத்தில் இருத்த வேண்டும். ஹீம் நீரை வெறுக்கும் தட்டையான வளையம். கண்ணாடியில் ஒட்டும், பிளாஸ்டிக்கில் ஒட்டும், தன்மீதே அடுக்கடுக்காக ஒட்டிக்கொள்ளும், எந்தப் புரதத்தின் எண்ணெய்ப்பசைப் பகுதியிலும் ஒட்டும். ஆகவே கரைசலின் நிறம் மாறியது என்பதால் ஹீம் பற்றியது என்றாகாது. பற்றியது என்பதால் குறிப்பிட்ட ஓர் இடத்தில் பற்றியது என்றாகாது. குறிப்பிட்ட இடத்தில் பற்றியது என்பதாலேயே புரதத்தின் வேலை கெட்டது என்றும் ஆகாது. ஒவ்வொரு கண்ணிக்கும் தனித்தனிச் சாட்சி தேவை.

பிணைவிடத்தை முதலில் தாளில் தேடுதல்

பி53-இன் டிஎன்ஏ-வைப் பற்றும் மையப்பகுதி ஏறத்தாழ 94-ஆவது அமினோ அமிலத்திலிருந்து 292 வரை நீள்கிறது. இப்பகுதியில் மட்டும் 124, 135, 141, 176, 182, 229, 238, 242, 275, 277 ஆகிய பத்து இடங்களில் சிஸ்டீன் உள்ளது. இவற்றுள் 176, 238, 242 ஆகிய மூன்றும், 179-ஆவது இடத்திலுள்ள ஹிஸ்டிடினும் சேர்ந்து ஒரு துத்தநாக அயனியைப் பிடித்துள்ளன. எஞ்சிய ஏழில், ஹீம் ஆய்வாளரின் கண் உடனே செல்ல வேண்டிய இடம் 277. அதை அடுத்து 278-இல் புரோலின் இருக்கிறது. சிஸ்டீனும் புரோலினும் இப்படி அடுத்தடுத்து வரும் இணை, ஹீமை உணர்ந்து செயல்படும் பல புரதங்களில் ஹீம் பற்றும் இடமாக இருப்பது 1990-களிலிருந்து தெரிந்ததே. ஹீம் உற்பத்தியின் முதற்படியை நடத்தும் அமினோலெவுலினேட் சிந்தேஸ் நொதியிலும், பாக்1 என்ற மரபணு ஒடுக்கியிலும் இந்த இணை காணப்படுகிறது.

ஆனால் 277-ஆவது சிஸ்டீன் வேறொரு வேலையும் செய்கிறது. 1994-இல் வெளியான படிக அமைப்பில், புரதம் டிஎன்ஏ-வின் பெரும்பள்ளத்தினுள் நீட்டும் விரல்களில் இதுவும் ஒன்று. 120-ஆவது லைசினும் 280-ஆவது ஆர்ஜினினும் அதன் அருகில் உள்ளன. புரதத் தரவு வங்கியில் 1டியூபி என்ற குறியீட்டில் உள்ள இந்த அமைப்பைக் கணினியில் திறந்து, கந்தக அணுவுக்கும் டிஎன்ஏ-வின் காரங்களுக்கும் உள்ள இடைவெளியை நேரில் அளந்து பார்ப்பது ஒரு மணி நேர வேலைதான். அதைச் செய்யாமல் புரதத் தயாரிப்பில் இறங்கக் கூடாது. அதில் மூன்று புரதச் சங்கிலிகள் இருப்பதையும், அவற்றுள் பி என்ற சங்கிலிதான் உரிய தொடரை முறையாகப் பிடித்திருப்பதையும் கவனித்து அளக்க வேண்டும். ஹீம் உண்மையில் இங்கே அமர்ந்தால், டிஎன்ஏ அமர இடமே இருக்காது என்பது படத்தைப் பார்த்ததும் விளங்கும். புரதத்தின் வடிவம் சிறிதும் மாறாமலேயே, இடத்தை அடைத்துக்கொள்வதால் மட்டும் செயல் நின்றுவிடலாம் என்ற கருதுகோள் இங்கிருந்துதான் பிறக்கிறது. வடிவம் குலைவதால் செயல் நிற்கிறது என்பது அதற்குப் போட்டியான கருதுகோள். இவ்விரண்டையும் பிரித்தறிவதுதான் பின்வரும் வேலை முழுவதும்.

புரதத்தைத் தயாரித்தல்

மையப்பகுதியை மட்டும் எடுத்துக்கொள்வதா, முழுப் புரதத்தை எடுத்துக்கொள்வதா என்ற கேள்வி முதலில் வரும். பிணைவிடத்தை அறிய மையப்பகுதி போதும். டிஎன்ஏ-வுடன் உள்ள இணைப்பை அளக்க, நான்கு பிரதிகள் சேர்ந்து இயங்கும் முழுப் புரதமே நியாயமானது. இயல்பான பி53 இயற்கையிலேயே நிலைப்புக் குறைந்த புரதம். அதன் மையப்பகுதி 44 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பத்திலேயே உருகிக் குலைகிறது. உடல் வெப்பநிலையில்கூட நீண்ட நேரம் தாங்காது. ஆகவே ஈ.கோலை பாக்டீரியாவில் உற்பத்தி செய்யும்போது 18 முதல் 20 டிகிரி வரை குளிர வைத்து, ஊடகத்தில் துத்தநாக உப்பைச் சிறிதளவு சேர்த்து, தூய்மையாக்கும் வேலையனைத்தையும் 4 டிகிரியில் முடிக்க வேண்டும். நிலைப்பைக் கூட்டுவதற்காக 133, 203, 239, 268 ஆகிய நான்கு இடங்களில் மாற்றம் செய்யப்பட்ட வடிவம் ஒன்று பரவலாகப் பயன்படுகிறது. அது வசதியானதுதான், ஆனால் ஹீம் புரதத்தைக் குலைக்கிறதா என்று கேட்கும் ஆய்வில், எளிதில் குலையாதபடி செய்யப்பட்ட புரதத்தை மட்டும் வைத்து முடிவு சொல்வது முறையாகாது.

ஹீம் ஆய்வுக்கே உரிய மூன்று பொறிகளைப் பற்றி இங்கே சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. முதலாவது, ஹிஸ்டிடின் வால். புரதத்தை நிக்கல் பத்தியில் பிடிப்பதற்காக ஆறு ஹிஸ்டிடின்களை வாலாகச் சேர்ப்பது வழக்கம். ஹிஸ்டிடின் ஹீமின் இரும்புக்கு மிகவும் பிடித்த ஈனி, அதாவது உலோக அயனியோடு நேரடியாக இணையும் துணை. வாலை வெட்டி நீக்காமல் ஹீமைச் சேர்த்தால், வாலைப் பற்றிய ஹீமையே புரதத்தைப் பற்றிய ஹீமாக அளந்துகொண்டிருப்போம். இரண்டாவது, இமிடசோல். நிக்கல் பத்தியிலிருந்து புரதத்தை இறக்கப் பயன்படும் இந்த மூலக்கூறும் ஹீமின் இரும்பைப் பற்றும். மூலக்கூறுகளை அளவின்படி பிரிக்கும் பத்தியில் செலுத்தி இதை அறவே நீக்க வேண்டும். மூன்றாவது, சிஸ்டீன்களை ஒடுக்க நிலையில் காக்கச் சேர்க்கும் வேதிப்பொருள்கள். டைதயோதிரைட்டாலும் மெர்காப்டோஎத்தனாலும் தாமே தயோல்கள், அதாவது சிஸ்டீனைப்போலவே கந்தக-ஹைட்ரஜன் தொகுதி கொண்டவை. அவை இரும்பைப் பற்றுவதுடன், காற்றிலுள்ள ஆக்சிஜன் முன்னிலையில் ஹீமுடன் சேர்ந்து ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்கிச் சிஸ்டீன்களையும் ஹீமையும் ஒருங்கே சிதைக்கும். தயோல் அல்லாத டிசெப் என்ற பாஸ்பீனைக் குறைந்த அளவில் வைத்துக்கொள்வதும், இயன்றவரை ஆக்சிஜன் நீக்கிய கரைசலில் வேலை செய்வதும் நல்லது. துத்தநாகத்தைப் பிடுங்கிவிடும் என்பதால் ஈடிடிஏ-வை எந்தக் கட்டத்திலும் சேர்க்கக் கூடாது.

ஹீமின் கரைசல்

கடைகளில் ஹீம் கிடைப்பது ஹீமின் (hemin) என்ற குளோரைடு உப்பாகத்தான். மூலக்கூறு எடை 651.9. 6.5 மில்லிகிராமை 10 மில்லிலிட்டர் 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடில் கரைத்தால் ஏறத்தாழ 1 மில்லிமோலார் கரைசல் கிடைக்கும். ஏறத்தாழ என்பது இங்கே வெறும் சொல்லன்று. பொடி முழுவதும் கரைவதில்லை. கரைசலை வேகமாகச் சுழற்றி, அடியில் படிந்ததை விட்டுவிட்டு, மேலே தெளிந்ததை 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடில் 50 மடங்கு நீர்த்து, 385 நானோமீட்டரில் ஒளி உட்கவர்தலை அளக்க வேண்டும். அங்கே மில்லிமோலார் அழிவுக் கெழு, அதாவது 1 மில்லிமோலார் கரைசல் 1 சென்டிமீட்டர் பாதையில் தரும் உட்கவர்தல், 58.4. எடையிட்டது முழுவதும் கரைந்திருந்தால் அளவு 1.17-ஐ ஒட்டி வரும். குறைந்தால் கிடைத்த எண்ணைத்தான் செறிவாகக் கொள்ள வேண்டும். கரைசலை அன்றன்றே தயாரித்து, அலுமினியத் தாள் சுற்றி, சில மணி நேரத்துக்குள் பயன்படுத்த வேண்டும். நேற்றைய கரைசலில் மிச்சம் இருக்கிறதே என்று எடுத்துப் பயன்படுத்துவோர் பலர். ஒன்றோடொன்று பொருந்தாத முடிவுகளில் பெரும்பகுதி அங்கிருந்துதான் வருகிறது என்பது என் கணிப்பு.

நிறமாலையைப் படித்தல்

50 மில்லிமோலார் ஹெப்பிஸ் தாங்கல் கரைசலில் 5 மைக்ரோமோலார் புரதம் 2 மில்லிலிட்டர் ஒரு குவார்ட்ஸ் குவெட்டிலும் (ஒளி ஊடுருவும் அளவீட்டுக் கலத்திலும்), புரதமற்ற அதே தாங்கல் கரைசல் மற்றொன்றிலும் இருக்கட்டும். 1 மில்லிமோலார் ஹீமினை ஒவ்வொரு முறையும் 1 மைக்ரோலிட்டர் வீதம் இரண்டிலும் சேர்த்தால், ஒவ்வொரு படியிலும் ஹீமின் 0.5 மைக்ரோமோலார் உயரும். முப்பது படிகளில் 15 மைக்ரோமோலாரை எட்டலாம்; கன அளவு அப்போதும் 1.5 விழுக்காடே கூடியிருக்கும். ஒவ்வொரு படிக்குப் பின்னும் அளவு நிலைபெறும் வரை காத்திருந்து, 300 முதல் 700 நானோமீட்டர் வரை நிறமாலையைப் பதிந்து, புரதமுள்ளதிலிருந்து புரதமற்றதைக் கழிக்க வேண்டும்.

கழித்த பின் தெரியும் சோரே முகட்டின், அதாவது ஹீம் ஒளியை மிக வலுவாக உட்கவரும் உச்சத்தின், இடம்தான் முதல் செய்தி. எதையும் பற்றாத ஹீமின் நடுநிலைக் கரைசலில் 385 நானோமீட்டரை ஒட்டி அகன்ற, சப்பையான முகட்டைத் தரும். ஒரேயொரு சிஸ்டீன் தயோலேட் (புரோட்டானை இழந்த கந்தகத் தொகுதி) மட்டும் பற்றிய, வளையத்தின் நான்கு நைட்ரஜன்களையும் சேர்த்து ஐந்து ஈனிகள் கொண்ட பெரிக் (ஆக்சிஜனேற்ற நிலை இரும்புடைய) ஹீம் 370 நானோமீட்டரை ஒட்டி முகட்டையும் 640 முதல் 650 வரையிலான பகுதியில் சிறு மேட்டையும் காட்டும். இருபுறமும் ஈனிகள் பற்றிய, ஆறு ஈனிகள் கொண்ட நிலையில் முகடு 410-க்கும் 425-க்கும் இடையே கூர்மையாக எழும். பாக்1 புரதத்தில் 371-ஐ ஒட்டிய முகடும் 423-ஐ ஒட்டிய முகடும் இரண்டுமே காணப்படுகின்றன; ஆகவே அதை நேர்மறை ஒப்பீடாக அதே நாளில் அதே கருவியில் ஓட்டிப் பார்ப்பது மிகவும் பயன் தரும். எதிர்மறை ஒப்பீடாக லைசோசைம் போன்ற புரதம் ஒன்றை வைத்துக்கொள்ளலாம். அல்புமினை அதற்கு எடுத்துக்கொள்ளக் கூடாது, அது ஹீமை நன்றாகவே பற்றும்.

ஈனி சிஸ்டீனா ஹிஸ்டிடினா என்ற ஐயம் நிறமாலையைக் கொண்டு மட்டும் தீராதபோது, சோடியம் டைதயோனைட்டால் இரும்பை ஒடுக்கி, கார்பன் மோனாக்சைடைச் செலுத்திப் பார்க்கலாம். முகடு 450-க்கு நகர்ந்தால் தயோலேட் பிடி விடாமல் இருக்கிறது. 420-இல் நின்றால் ஹிஸ்டிடின் பற்றியிருக்கலாம், அல்லது தயோலேட் புரோட்டானை ஏற்று நழுவியிருக்கலாம். ஒடுக்கப்பட்ட இரும்பைவிட ஆக்சிஜனேற்ற நிலை இரும்பையே இந்தச் சிஸ்டீன்-புரோலின் இணை விரும்புவதால், 420 வந்துவிட்டது என்பதற்காக மனம் தளர வேண்டியதில்லை. கார்பன் மோனாக்சைடு நிறமும் மணமும் அற்ற நச்சு வாயு. புகை வெளியேற்றும் பெட்டியிலும், எச்சரிக்கைக் கருவி இயங்கும் அறையிலும் மட்டுமே இச்சோதனையைச் செய்ய வேண்டும்.

பிரிகை மாறிலியை, அதாவது பிடி எவ்வளவு வலியது என்பதைச் சொல்லும் (சிறிதானால் பிடி வலியது என்று பொருள்படும்) எண்ணை, கணக்கிடும்போது மாணவர்கள் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. புரதம் 5 மைக்ரோமோலார் இருக்க, உண்மையான மாறிலி சில நானோமோலாராக இருந்தால், வளைவு இரண்டு நேர்கோடுகள் சந்திப்பதுபோல் தோன்றும். அந்த வளைவு ஒரு புரதத்துக்கு எத்தனை ஹீம் என்ற விகிதத்தைச் சொல்லும். பிடியின் வலிமையைச் சொல்லாது. அப்போது புரதத்தின் செறிவைக் குறைத்து, நீண்ட பாதை குவெட்டில் அளக்க வேண்டும். அல்லது பிடி தெரிந்த மற்றொரு புரதத்துடன் போட்டி வைத்து அளக்க வேண்டும். பொருத்துவதற்கும், கட்டற்ற ஹீமின் செறிவும் மொத்தச் செறிவும் ஒன்றே என்று கொள்ளும் எளிய சமன்பாடு உதவாது. இருபடிச் சமன்பாடே தேவை. செல்லுக்குள் உடனடியாகக் கைமாறக்கூடிய ஹீம் நானோமோலார் அளவிலேயே இருப்பதால், மாறிலி பல மைக்ரோமோலார் என்று வந்தால், குவெட்டில் நடப்பது செல்லில் நடக்க வழியில்லை என்ற ஐயத்தை ஆய்வாளர் தாமே எழுப்பிக்கொள்ள வேண்டும்.

பிணைவிடத்தை உறுதிசெய்ய 277-ஆவது சிஸ்டீனை அலனினாகவோ செரினாகவோ மாற்றிய வடிவத்தில் இதே அளவீட்டைத் திரும்பச் செய்ய வேண்டும். கூடவே 182-ஆவது சிஸ்டீனை மாற்றிய வடிவமும் 275-ஐ மாற்றிய வடிவமும் இருப்பது நல்லது. 182-உம் 277-உம் புரதத்தின் மேற்பரப்பில் திறந்து கிடப்பவை. பிகே11007 என்ற சேர்மம் இவ்விரண்டோடும் வினைபுரிகிறது, ஏபிஆர்-246 என்ற மருந்திலிருந்து உருவாகும் சேர்மம் 124-உடனும் 277-உடனும் இணைகிறது. எளிதில் வினைபுரியும் சிஸ்டீன் எதையும் ஹீம் தொட்டுப் பார்க்கும் என்பதால், 277 போனதும் பிடி முழுவதும் போய்விட்டதா, பாதி மிச்சம் இருக்கிறதா என்பதை எண்களோடு சொல்ல வேண்டும்.

வடிவம் மாறியதா என்பதை அறிதல்

புரதத்துடன் ஏதேனும் ஒன்று சேரும்போது டிரிப்டோபனின் உடனொளிர்வு குறைகிறதா என்று பார்ப்பது பொதுவான வழக்கம். பி53-இன் மையப்பகுதியில் இந்த வழக்கம் ஏமாற்றும். அங்கே 146-ஆவது இடத்தில் ஒரேயொரு டிரிப்டோபன்தான் உள்ளது; புரதம் மடிந்த நிலையில் அதன் ஒளிர்வு ஏற்கெனவே பெரிதும் அவிந்திருக்கும். 280 நானோமீட்டரில் தூண்டினால் 305-ஐ ஒட்டி டைரோசினின் ஒளிர்வே மேலோங்கித் தெரியும். புரதம் குலைந்த பிறகுதான் 350-ஐ ஒட்டி டிரிப்டோபன் பளிச்சிடும். எனவே இங்கே ஒளிர்வு குறைவதைவிட, 350-இல் ஒளிர்வு எழுகிறதா என்பதைத் தேடுவதே பொருத்தம். அவ்வாறு எழுந்தால் புரதம் குலைகிறது என்பதற்கு அது வலுவான அறிகுறி. எழாவிட்டால் மட்டும் முடிவுக்கு வந்துவிடக் கூடாது. ஹீம் தானே அந்த அலைநீளப் பகுதியில் ஒளியை விழுங்குகிறது. தூண்டும் அலைநீளத்திலும் ஒளிரும் அலைநீளத்திலும் உள்ள உட்கவர்தல்களின் சராசரியை 10-இன் அடுக்காக வைத்துக் கிடைக்கும் எண்ணால் அளவைப் பெருக்கித் திருத்தலாம்; அந்தத் திருத்தமும் மொத்த உட்கவர்தல் சிறிதாக இருக்கும் வரையில்தான் செல்லும்.

இடஞ்சுழி, வலஞ்சுழி ஒளிகளைப் புரதம் உட்கவர்வதில் உள்ள வேறுபாட்டை அளக்கும் வட்ட இருநிறமானியில் இருவேறு பகுதிகளை அளக்க வேண்டும். 200 முதல் 260 நானோமீட்டர் வரையிலான பகுதி இரண்டாம்நிலை அமைப்பைக் காட்டும். மையப்பகுதி பெரும்பாலும் பீட்டா தாள்களால் ஆனதால் அங்கே கிடைக்கும் குறி வலிமையற்றது, சிறு மாற்றங்களைப் பெரிதுபடுத்திப் பேசக் கூடாது. மாறாக, 350 முதல் 450 வரையிலான சோரே பகுதி ஒரு தனி வாய்ப்பு. தனித்த ஹீம் இடம்வலம் அற்ற மூலக்கூறு என்பதால் அங்கே எந்தக் குறியும் தராது. புரதத்தின் குறிப்பிட்ட பொதியில் ஒரே நிலையில் அமர்ந்தால்தான் குறி தோன்றும். ஆங்காங்கே ஒட்டிக்கொண்ட ஹீமையும் ஓரிடத்தில் அமர்ந்த ஹீமையும் பிரித்துக் காட்ட இதைவிட எளிய சோதனை எனக்குத் தெரியவில்லை. ஆயினும் பலரும் அலைநீளத்தை 260-இலேயே நிறுத்திவிடுகிறார்கள்.

உருகுநிலையை அளக்க, சைப்ரோ ஆரஞ்சு சாயத்தைச் சேர்க்கும் முறை எல்லா ஆய்வகங்களிலும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தாலும், ஹீம் அச்சாயத்தின் ஒளிர்வை அவித்துவிடும் என்பதால் அதைத் தவிர்த்து, வட்ட இருநிறமானியில் வெப்பத்தை மெல்ல உயர்த்தி அளப்பதே மேல்.

துத்தநாகத்தின் நிலையைத் தனியே பார்க்க வேண்டும். ஹீமுடன் வரும் ஆக்சிஜனேற்றம் 176, 238, 242 ஆகிய சிஸ்டீன்களைத் தாக்கினால் துத்தநாகம் வெளியேறி, புரதம் குலைந்து, திரளும். 175-ஆவது ஆர்ஜினின் ஹிஸ்டிடினாக மாறிய, புற்றுக்கட்டிகளில் அடிக்கடி தென்படும் வடிவத்திலும் துத்தநாகப் பிடிதான் கெடுகிறது என்பதை இங்கே நினைவுகூரலாம். வெளியேறிய துத்தநாகத்தை, பிஏஆர் என்று சுருக்கமாக வழங்கும் பிரிடைலசோரெசார்சினால் சாயத்தைச் சேர்த்து 500 நானோமீட்டரில் அளக்கலாம். ஹீமின் சொந்த உட்கவர்தலைக் கழிப்பதோடு, பெராக்சைடால் சிதைந்த ஹீமிலிருந்து வெளிவரும் இரும்பும் இதே சாயத்தோடு சேரும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். கேட்டலேஸ் நொதியைச் சேர்த்த மாதிரி ஒன்றை அருகில் வைத்து ஓட்டினால், துத்தநாக இழப்பு ஹீம் பற்றியதால் வந்ததா, பெராக்சைடால் வந்ததா என்பது தெளிவாகும்.

வடிவத்தைக் கேட்டுச் சொல்லும் எதிர்ப்பொருள்கள் இரண்டு நெடுங்காலமாகப் பயன்பாட்டில் உள்ளன. பிஏபி1620 மடிந்த வடிவத்தை மட்டும் அறியும். பிஏபி240, புரதம் குலையும்போது வெளித்தெரியும் 213 முதல் 217 வரையிலான பகுதியை அறியும். ஹீம் சேர்த்த பின் முதலாவது குறையாமலும் இரண்டாவது கூடாமலும் இருந்து, டிஎன்ஏ-வுடன் இணைவது மட்டும் நின்றுபோனால், இடத்தை அடைத்துக்கொள்ளும் கருதுகோளின் பக்கம் தராசு சாயும்.

டிஎன்ஏ-வுடன் இணைதல்

பி53 அறியும் தொடர் பத்துப் பத்துக் காரங்கள் கொண்ட இரு பாதிகளால் ஆனது. அவற்றுக்கிடையே 0 முதல் 13 காரங்கள் வரை இடைவெளி இருக்கலாம். பி53 இயக்கும் மரபணுக்களுள் ஒன்றான பி21-இன் முன்னுள்ள தொடரை எடுத்துக்கொண்டு, ஜெல்லில் நகர்வு குறைவதை அளக்கும் முறையைக் கையாளலாம். அடையாளச் சாயமாக ஃபுளோரசீனைச் சேர்த்தால் ஹீம் அதை அவித்துவிடும். ஆகவே தொலைசிவப்புச் சாயமோ கதிரியக்க அடையாளமோ நல்லது. ஹீம் மட்டும், டிஎன்ஏ மட்டும் உள்ள குழாய்களும் அதே ஜெல்லில் ஓட வேண்டும்.

இச்சோதனையின் உயிர் சேர்க்கும் வரிசையில் இருக்கிறது. ஒரு குழாயில் முதலில் ஹீம், பிறகு டிஎன்ஏ; மற்றொன்றில் முதலில் டிஎன்ஏ, பிறகு ஹீம். இருவரும் ஒரே இருக்கைக்குப் போட்டியிடுகிறார்கள் என்றால், நேரம் போகப் போக இரண்டு குழாய்களும் ஒரே நிலைக்கு வந்து சேரும். டிஎன்ஏ-வைக் கூட்டினால் ஹீமின் தடை விலகும். புரதம் குலைந்துவிட்டது என்றால் டிஎன்ஏ-வை எவ்வளவு கூட்டினாலும் இணைப்பு திரும்பாது. ஹீமை விழுங்கும் அப்போமையோகுளோபினைப் பின்னர் சேர்த்து, இழந்த இணைப்பு மீள்கிறதா என்றும் பார்க்க வேண்டும். மீண்டால் அது வலுவான சான்று.

277-ஐ மாற்றிய வடிவத்தில் ஹீமின் தடை இல்லை என்று காட்டினால் போதும் எனத் தோன்றும். அந்தச் சிஸ்டீன் தானே டிஎன்ஏ-வைத் தொடும் விரல் என்பதை மறந்துவிடக் கூடாது. ஹீம் இல்லாதபோதே அவ்வடிவத்தின் இணைப்பு எவ்வளவு என்று முதலில் அளந்து, அது இயல்பான வடிவத்தோடு ஒப்பிடத்தக்கதாக இருந்தால்தான் மேலே செல்லலாம்.

இரும்பற்ற புரோட்டோபார்ஃபைரின்-9-ஐ ஒப்பீட்டுக்குச் சேர்ப்பது இயல்பான எண்ணமே. குழாயில் அதை இருளில் வைத்துச் செய்தால் நன்மையே. இரும்புதான் காரணமா, வளையம்தான் காரணமா என்பது விளங்கும். செல்லில் அதை அப்பாவி மூலக்கூறாகக் கருத முடியாது. ஒளிபட்டால் அது வீரியமிக்க ஆக்சிஜனை உண்டாக்கும். அதோடு அது பி53-உடன் இணைந்து, எம்டிஎம்2 என்ற சிதைப்புத் துணைவனிடமிருந்து பி53-ஐ விடுவித்துச் செயலூக்கும் என்று 2007 முதல் காட்டப்பட்டுள்ளது. இரும்பு உள்ள வளையம் பி53-ஐ அடக்குவதும், இரும்பற்ற அதே வளையம் அதை எழுப்புவதும் இத்துறையின் விந்தைகளுள் ஒன்று.

செல்லுக்குள் சோதித்தல்

இயல்பான பி53 உள்ள எச்சிடி116 பெருங்குடல் புற்றுச் செல்களும், அவற்றிலிருந்தே பி53 நீக்கப்பட்ட இணைச் செல்களும் இதற்கு ஏற்றவை. ஹீமினை 10 மைக்ரோமோலார் அளவில் சேர்க்கும்போது ஊடகத்தில் சீரம் இருந்தால் அதிலுள்ள அல்புமினும் ஹீமோபெக்சினும் ஹீமைப் பிடித்துவைத்துக்கொள்ளும். சீரமின்றிச் செய்வதே முறை, அதற்கான ஒப்பீட்டு மாதிரியும் சீரமின்றியே இருக்க வேண்டும். வெளியிலிருந்து ஊற்றுவதைவிட, செல் தானே உண்டாக்கும் ஹீமைக் கூட்டியும் குறைத்தும் பார்ப்பது இயற்கைக்கு நெருக்கமானது. அமினோலெவுலினிக் அமிலத்தைக் கொடுத்து உற்பத்தியைக் கூட்டலாம்; சக்சினைல்அசிட்டோனைக் கொடுத்து உற்பத்தியின் இரண்டாம் படியை அடைக்கலாம்.

இரும்பைப் பிடுங்கும் டெஃபராக்சமின் கொடுத்ததும் பி53 உயர்ந்தது என்றால், ஹீம் குறைந்ததால்தான் உயர்ந்தது என்று எழுதிவிடும் அவசரம் பலருக்கும் உண்டு. இரும்பு குறைந்தால் ரைபோநியூக்ளியோடைடு ரிடக்டேஸ் நொதி முடங்கும், டிஎன்ஏ இரட்டிப்பு தடுமாறும், அதுவே பி53-ஐ எழுப்பும். ஆக்சிஜன் பற்றாக்குறையை உணரும் எச்ஐஎஃப்-1 ஆல்ஃபாவும் நிலைபெறும். டெஃபராக்சமினும் சக்சினைல்அசிட்டோனும் ஒரே விளைவைத் தர வேண்டும். டெஃபராக்சமின் கொடுத்த செல்களில் ஹீமினைத் திரும்பச் சேர்த்தால் பி53 மீண்டும் தாழ வேண்டும். இரும்பு உப்பை மட்டும் சக்சினைல்அசிட்டோனோடு சேர்த்தால் தாழக் கூடாது. இம்மூன்றும் சேர்ந்தால்தான் ஹீமைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற முடியும்.

நேரத்தையும் குறுக வைத்துக்கொள்ள வேண்டும். ஹீம் உள்ளே வந்ததும் பாக்1 டிஎன்ஏ-வை விட்டு விலகி, ஹீம் ஆக்சிஜனேஸ்-1 நொதி பெருகி, சில மணி நேரத்துக்குள் ஹீமைப் பிலிவெர்டினாகவும் கார்பன் மோனாக்சைடாகவும் இரும்பாகவும் உடைக்கத் தொடங்கிவிடும். 24 மணி நேரத்துக்குப் பின் எடுத்த ஒற்றை மாதிரி ஹீமின் விளைவைக் காட்டுகிறதா, அதன் சிதைவுப் பொருள்களின் விளைவைக் காட்டுகிறதா என்று யாராலும் சொல்ல முடியாது. இயல்பு நிலையில் பி53-இன் அரைவாழ்வு ஏறத்தாழ 20 நிமிடமே என்பதால், சைக்ளோஹெக்சிமைடால் புதிய உற்பத்தியை நிறுத்தி, 10 நிமிடத்துக்கு ஒருமுறை மாதிரி எடுப்பதே பொருத்தம். பி53-இன் தூது ஆர்என்ஏ மாறாமலும் புரதம் மட்டும் குறைந்தும் இருக்கிறதா என்பதை அதே செல்களில் பார்க்க வேண்டும். பி53 இயக்கும் மரபணுக்களான பி21, பூமா, எம்டிஎம்2 ஆகியவற்றின் தூது ஆர்என்ஏ அளவு செயலின் சாட்சியாக இருக்கும்.

உட்கருவிலிருந்து வெளியேறுவதைக் காட்ட, சிஆர்எம்1 என்ற வெளியேற்றுப் புரதத்தை அடைக்கும் லெப்டோமைசின்-பி பயன்படும். ஆனால் ஹீம் இல்லாவிட்டாலும் லெப்டோமைசின் பி53-ஐ உட்கருவில் தேக்கும். ஆகவே லெப்டோமைசின் மட்டும் கொடுத்த செல்களை அருகில் வைத்து, ஹீமினால் வரும் மேலதிக வேறுபாட்டை மட்டுமே கணக்கில் எடுக்க வேண்டும். எம்ஜி132 கொண்டு, செல்லில் புரதங்களைச் சிதைக்கும் புரோட்டியசோமை அடைக்கும்போதும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

இறுதியாக, பி53 இல்லாத எச்1299 செல்களில் இயல்பான வடிவத்தையும் 277-ஐ மாற்றிய வடிவத்தையும் தனித்தனியே ஏற்றி, ஹீமினுக்கு அவை காட்டும் மறுமொழியை ஒப்பிட வேண்டும். ஏற்றப்பட்ட புரதம் இயல்பான செல்லில் உள்ளதைவிடப் பன்மடங்கு மிகுந்தால், செல்லிலுள்ள சிறிதளவு ஹீம் அதன் முன் ஒன்றுமில்லாமல் போய்விடும். டாக்சிசைக்ளினால் இயக்கப்படும் முன்னியக்கியைப் பயன்படுத்தி, எச்சிடி116 செல்களில் உள்ள அளவுக்கே புரதத்தைக் கொண்டுவந்து, இரண்டையும் ஒரே ஜெல்லில் அருகருகே ஓட்டி, அளவு ஒத்திருப்பதைக் காட்டிய பிறகே ஹீமினைச் சேர்க்க வேண்டும்.